சீட்டில்லாமல் எடுத்த ரத்தம்

கண்ணு,

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க ஆரம்பித்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு ரத்தத்தில் ஒரு கோளாறு இருந்தது. அது உனக்கும் இருக்கிறது. உன் சிவப்பணுக்கள் மற்றவர்களுடையதைப் போலத் தட்டையாக இல்லை, உருண்டையாக இருக்கின்றன. உனக்குப் பதினாலு வயதில் என் கண்ணாலேயே பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது தை மாதம் உனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய நாள் வந்துவிட்டது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாலு வருஷமாகப் பெங்களூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சிவப்பணுவின் சவ்வை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நீ. அது ஏன் நடுவில் குழிந்து தட்டையாக நிற்கிறது, எப்போது உருண்டுபோகிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி. நீ தேடுகிற உருண்டைதான் உன் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இப்படி ஒரு கூத்தை வேறு எந்த அப்பனும் பார்த்திருக்க மாட்டான். படிக்கப் படிக்க எரிச்சலாக வருகிறதா? வரட்டும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. டாக்டரிடமிருந்து சீட்டு வரும். நாங்கள் ரத்தம் எடுப்போம், பார்ப்போம், எழுதி அனுப்புவோம். பார்த்ததை நோயாளியிடம் சொல்லக் கூடாது. 'ஏனுங்க, பெருசா ஒண்ணுமில்லீங்களே?' என்று கேட்காத ஆளே கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: 'டாக்டருகிட்டக் கேட்டுக்குங்க.' நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். அரைகுறையாக எதையாவது உளறி ஆளைப் பயமுறுத்துவதைவிட வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது மேல். ஆனால் இருபத்தெட்டு வருஷம் சொல்லிச் சொல்லி அது என் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகம் என்பதும் பழகிப்போனது. வேலையில் வந்த பழக்கத்தை வேலை செய்கிற இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் கண்ணு. நான் அதைப் பஸ்ஸேற்றிப் பெரியநாயக்கன்பாளையத்தில் நம் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

உன் அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண் மஞ்சளாகும், உனக்கு ஞாபகம் இருக்கும். அன்னூர்ப் பக்கம் ஒருவர் பச்சிலை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுப்பார். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் போய்க் குடித்துவிட்டு வந்து, உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் பத்தியம் இருந்துகொண்டே தையல் மிஷினை மிதிப்பாள். பத்துப் பதினைந்து நாளில் மஞ்சள் இறங்கிவிடும். அது தானாக வந்து தானாக இறங்குகிற மஞ்சள் என்று யாருக்குத் தெரியும்? பச்சிலைக்கு நல்ல பேர் கிடைத்தது. லேப்காரன் பெண்டாட்டி பச்சிலை குடிக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கம். ஆனால் அவளுடைய அப்பாவும் அங்கேதான் போவாராம். 'எங்கய்யனுக்கும் இப்படித்தானுங்க, கண்ணு மஞ்சளாயிரும், அவரென்ன சாஞ்சா போனாரு?' என்று சிரிப்பாள். தலைமுறை தாண்டி வருகிறது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உனக்கு எட்டு வயது இருக்கும். நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொடுக்க அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். ஸ்டூலில் உட்காரவைத்து, 'கையை நீட்டு' என்று ரத்தம் எடுத்தேன். சீட்டு இல்லை, பதிவு இல்லை, நானாக எடுத்தது. கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நல்ல சிவப்பணுவாக இருந்தால் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினாற்போல வெளிறித் தெரியும். அவளுடையதில் பாதிக்கு மேல் வெளிறலே இல்லை. சின்னதாக, அடர்த்தியாக, உருண்டு கிடந்தன. பிறகு உப்புத் தண்ணீர்க் குழாய்களை வரிசையாக வைத்தேன். முதல் குழாயில் உப்பு சரியான அளவு, அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. ஒவ்வொன்றிலும் சில சொட்டு ரத்தம் விட்டு வைத்தால், உப்புக் குறையக் குறைய அணுக்கள் தண்ணீரைக் குடித்து உப்பும். தாங்க முடியாதபோது வெடிக்கும். அணு உடைந்த குழாய் முழுக்கச் சிவந்துவிடும். மற்றவர்களுக்கு ஏழாவது எட்டாவது குழாயில்தான் சிவக்க ஆரம்பிக்கும். உன் அம்மாவுக்கு நாலாவதிலேயே சிவந்துவிட்டது.

அவள் முழங்கையில் பஞ்சை மடக்கிக்கொண்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நல்ல கலருங்க, பட்டு ஜாக்கெட்டுத் துணியாட்ட இருக்குது' என்றாள். அப்புறம், 'ஏனுங்க, என்ன தெரியுதுங்க?' என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'டாக்டருகிட்டக் கேட்டுக்க.' அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 'எந்த டாக்டருங்க? நீங்கதானுங்க ஊசி குத்துனீங்க!' நானும் சிரித்தேன். அப்படியே பேச்சு சோற்றுக்குப் போய்விட்டது. சீட்டுக் கொடுத்த டாக்டர் இல்லை, அதனால் ரிப்போர்ட் போய்ச் சேர இடமில்லை. என் சொந்த நோட்டில் பேர் போடாமல் குழாய்க் கணக்கை எழுதி மூடி வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். புத்தகத்தைப் புரட்டினேன். பரம்பரையாக வருவது, பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போட்டிருந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டால் ரத்தம் அழிவது குறையும் என்றும் போட்டிருந்தது. வயிற்றைக் கிழித்து ஒரு உறுப்பை எடுப்பதா என்று பயம். அதைவிடப் பெரிய பயம் உன்னைப் பற்றி. ஆபரேஷன் என்றால் சொந்தபந்தம் எல்லாம் ஏன் எதற்கு என்று கேட்கும். ரத்தத்திலேயே வருகிற நோய் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், ஒற்றைப் பெண்ணை வைத்திருக்கிறோமே, யார் வந்து கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை பட்டு அதன் அம்மாவைக் கவனிக்காமல் விட்ட முட்டாள் நான்தான். நிறையப் பேர் இதோடு எழுபது எண்பது வயது வரை நன்றாக இருக்கிறார்கள் என்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மீதி உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நீ ஏழாவது படித்த வருஷம் ஆடி மாதம் உன் அம்மாவுக்குக் குளிர் ஜுரம், வலது பக்க விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள். வழக்கமான மஞ்சள்தான் என்று அவள் அன்னூருக்குப் போனாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. மூன்று நாள் பச்சிலை முடிந்து நாலாம் நாள் நினைவு தப்பியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அணுக்கள் உடைந்து உடைந்து பித்தப்பையில் கல் சேர்ந்திருக்கிறது. கல் பித்தக் குழாயை அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது. 'இத்தனை வருஷம் மஞ்சள் வந்துட்டுப் போயிருக்கே, லேப்லயே இருக்கீங்க, ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா?' என்று சர்ஜன் கேட்டார். இல்லை சார் என்றேன். அவள் உயிரோடு படுத்திருக்கும்போதே, பத்தடி தள்ளி நின்று அப்படிச் சொன்னேன் கண்ணு. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து உனக்கு ஜுரம் வந்து கண் லேசாக மஞ்சளானது. லேபுக்குக் கூட்டிப் போனேன். அதே குழாய்கள். உனக்கு ஐந்தாவதில் சிவந்தது. உன் அம்மா அளவுக்கு இல்லை, ஆனால் இருந்தது. 'என்னங்கப்பா?' என்றாய். 'ஒண்ணுமில்ல கண்ணு, படிப்பு ஜாஸ்தி, ரத்தம் கொஞ்சம் கொறைஞ்சிருக்குது' என்றேன். அன்றிலிருந்து தினமும் உனக்குக் கொடுக்கிறேனே மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி மாத்திரை, ஞாபகசக்திக்கு என்று, அது ஞாபகசக்திக்கு இல்லை. புது ரத்தம் ஊற வேண்டும் என்பதற்கான ஃபோலிக் ஆசிட். 'எங்கப்பா மாத்திரை சாப்பிட்டுத்தான் பிஎச்.டி. வாங்கப்போறேன்' என்று ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாயாமே. மாசாமாசம் பார்சல் போட்டுக்கொண்டே இருந்தேன். அதை மட்டும் நிறுத்திவிடாதே.

நீ ஃபிசிக்ஸ் எடுத்தபோது நிம்மதியாக இருந்தது, ரத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தக் கம்ப்யூட்டர் காகிதத்தை மடி மடியாகக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாய். சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு, அதைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்வீர்கள். கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு முனையைக் கொஞ்சூண்டு நகர்த்திப் பார்க்கும். வளைவதற்கு ஆகிற செலவு குறைந்தால் அப்படியே வைத்துக்கொள்ளும், கூடினால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். இப்படி லட்சக்கணக்கான தடவை நகர்த்தியதும் சவ்வு தன் வடிவத்தில் வந்து நிற்கும் என்றாய். 'யாரும் அதுக்கு இப்படி நில்லுன்னு சொல்லித் தர்றதில்லீங்கப்பா. மேல்தோல் எவ்வளவு, உள்ள தண்ணி எவ்வளவு, அவ்வளவுதான். தோல் மிச்சமா இருந்தா தட்டையா நிக்கும். தோல் கொறைஞ்சுக்கிட்டே வந்தா வேற வழியில்லாம உருண்டுரும்.' உருண்டால் என்ன நஷ்டம் என்று தெரியாதவன்போலக் கேட்டேன். 'மண்ணீரல்ல ஊசிக் காதாட்ட சந்து இருக்குதுங்கப்பா, அதுல நொழைஞ்சு வரோணும். இறுக்கித் தெச்ச ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுக் கையத் தூக்கிக் கொடியில துணி காயப்போட முடியுங்களா? அம்மா எப்பவும் ஒரு விரக்கடை விட்டுத்தானே தெப்பாங்க!' என்றாய். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அப்போதுதான் நீ அதைக் கேட்டாய். கம்ப்யூட்டர் சொல்வது சரிதானா என்று ஒத்துப்பார்க்க, உருண்டை அணு உள்ள ஒரு நோயாளியின் குழாய்க் கணக்கு வேண்டும் என்று. எங்கள் லேபுக்கு இந்த நோய் வந்ததே இரண்டு மூன்று தடவைதான், உன்னுடையதை விட்டால் முழு வரிசையும் எழுதிவைத்த கணக்கு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, உன் அம்மாவுடையது. 'பெண், வயது முப்பத்திரண்டு' என்று எழுதி அனுப்பினேன். வேறு கணக்கு இல்லை என்பது சாக்கு. உண்மையைச் சொன்னால், நீயாகவே எப்படியாவது கண்டுபிடித்துவிட மாட்டாயா, என் வாயால் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள மாட்டேனா என்று ஒரு நப்பாசை.

நீ கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. 'ஒத்துப்போச்சுங்கப்பா! குழாய்க்குக் குழாய் ஒத்துப்போச்சு! அந்தம்மாவுக்குச் சவ்வு எவ்வளவு கொறைஞ்சிருக்குதுன்னு என்னால இப்ப சொல்ல முடியும்!' அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'அவங்க இப்ப எப்படி இருக்காங்கப்பா?' என்றாய். பூத் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். 'நல்லா இருக்காங்க கண்ணு' என்றேன். 'பித்தப்பையில கல்லு இருக்குதான்னு ஒரு ஸ்கேன் பாத்துக்கச் சொல்லுங்கப்பா. இவங்களுக்குக் கல்லு வருமாம், படிச்சேன். முன்னாடியே பாத்து எடுத்துப்போட்டா ஒண்ணும் பயமில்லையாம். மறக்காமச் சொல்லுங்க.' சொல்கிறேன் என்று போனை வைத்தேன். உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முன்பக்கத்தில், பெயர் தெரியாத ஒரு பெண்மணிக்கு என்று நன்றி போட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தை நான் திறப்பதே இல்லை.

நீ சொன்ன அந்தக் கம்ப்யூட்டரை நினைத்தால் எனக்கு என் ஞாபகம்தான் வருகிறது. நானும் ஒரே நாளில் இவ்வளவு பெரிய பொய்யனாக ஆகிவிடவில்லை. அன்றன்றைக்கு எது செலவு குறைவோ அந்தப் பக்கம் கொஞ்சூண்டு நகர்ந்துகொண்டேன். மாப்பிள்ளையின் அப்பா, அந்தக் கொடுமுடிக்காரர், பெண் பார்க்க வந்தபோது ஒளிவுமறைவு இல்லாமல் நேராகத்தான் கேட்டார்: 'அம்மணியோட அம்மா எதுலீங்க போனாங்க?' 'பித்தப்பையில கல்லுங்க' என்றேன். 'அது யாருக்கு வேணும்னாலும் வருமுங்க' என்று ஆறுதல் சொன்னார். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உண்மையை வைத்தே உண்மையை மறைக்க முடியும் கண்ணு. அதைச் செய்து பழகிவிட்டால் நாம் பொய் சொல்கிறோம் என்கிற உறுத்தல்கூட வராது. நீ அதை மட்டும் கற்றுக்கொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியே தீர்வது என்று பஸ் பிடித்துக் கொடுமுடிக்குப் போனேன். 'ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பனுங்க' என்று சம்பந்தி ஓடிவந்தார். 'கோயிலுக்கு வந்தனுங்க, அப்படியே ஊட்டையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு' என்றேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு அறையைத் திறந்து காட்டினார். புதுசாகச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலோரம் ஒரு பெரிய மேஜை. 'அம்மணி ஊருக்கு வந்தா கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்கோணுமல்லங்க. எத்தனை அடி வேணும்னு தெரியாம ஆறடிக்குப் போட்டுட்டமுங்க, பத்துமுங்களா?' என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த மேஜையைத் தடவிக்கொண்டே நின்றேன். சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டேன். கிளம்பும்போது அவரே கேட்டார்: 'ஏனுங்க, ஏதாச்சும் சொல்லோணுமுங்களா? மொகமே செரியில்லீங்களே.' 'வெயிலுங்க' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். சீட்டில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

சொன்னால் உன் கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயம். சொல்லாவிட்டால், நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை மஞ்சளாகப் பிறந்து, காரணம் தெரியாமல் நீ ஆஸ்பத்திரியில் விழித்துக்கொண்டு நிற்பாயே என்று பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதான் அடிபடுகிறாய். எனக்கு இதற்கு மேல் புத்தி வேலை செய்யவில்லை. முதலில் அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் போய், அம்மாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கும் இருந்திருக்கும் என்று எதையும் விடாமல் சொல்லு. வயிற்றை ஸ்கேன் எடு. ஜுரம் வந்து இரண்டு நாளில் ஆளே வெளுத்துப்போனால் வீட்டில் படுத்திருக்காதே. பச்சிலைப் பக்கம் போகாதே. குழந்தை உண்டானால் முதல் நாளே டாக்டர் காதில் போட்டுவிடு. உன் குழாய்க் கணக்கையும் இதோடு வைத்திருக்கிறேன், அதில் உன் பேர் எழுதியிருக்கிறேன்.

அச்சாபீஸில் பத்திரிகையை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் நீயும் ஒரே ஊரில்தான் இருக்கிறீர்கள். அவரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதெல்லாம் உன் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சொல்கிறதென்றால் குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. 'எனக்கே இப்பத்தான் தெரியும், எங்கப்பா என்கிட்டயே மறைச்சுப்போட்டாரு' என்று நிமிர்ந்து சொல்லு. அது நூற்றுக்கு நூறு உண்மை. அவர்கள் என்னை ஏசட்டும், கல்யாணத்துக்கு வராதே என்றாலும் வராமல் இருந்துகொள்கிறேன். உன் ரத்தத்தை மாற்றித் தர என்னால் ஆகாது, உன் அம்மாவைத் திருப்பித் தரவும் ஆகாது. பழிபோட ஒரு ஆள் மட்டும் உனக்கு இருக்கிறேன். கூசாமல் என்மேல் போட்டுவிடு கண்ணு.

அப்பா